கோட்டடிச் சுவருக்குப் பச்சை பூசிய கதை

அருளெல்லாம் உடைய அல்லாஹ்வின் பெயரால் ஆரம்பிக்கிறேன். சபையைப் புன்னகையால் ஆளும் தலைவர் சீனிமுகம்மது ஹாஜியார் அவர்களே, வெற்றிலைச் சிவப்போடு வீற்றிருக்கும் பெரியவர்களே, ஓலைத்தட்டிக்கு அப்பால் ஒரு சொல்லையும் தவறவிடாத தாய்மார்களே, புன்னைத்துறையிலிருந்து மணல் மிதித்து வந்த மீனவச் சொந்தங்களே! அனைவருக்கும் என் ஸலாமும் வணக்கமும்.

நம் கோட்டடியில் கோட்டை கட்டியவன் யார்? பறங்கி தொடங்கினான், ஒல்லாந்தன் முடித்தான், வெள்ளைக்காரன் பூட்டினான். மூவரும் போய்விட்டார்கள். எழுபத்தெட்டுச் சூறாவளி கூரைகளைக் கொண்டுபோனது, தென்னைகளைக் கொண்டுபோனது. கோட்டையில் கடலைப் பார்த்த ஒற்றைச் சுவர் மட்டும் நின்றது! அதை இடித்துப் புதுச் சந்தைக்கு அத்திவாரம் போடலாமா என்று நாளை ஊர்ச்சபை முடிவெடுக்கப் போகிறது. இடிக்கலாமா?

"கூடாது" என்று பின்னால் ஒரு குரல். பொறுங்கள் தம்பி, நானும் கொஞ்சம் பேச வேண்டாமா?

வருடந்தோறும் பள்ளிவாசல் கந்தூரி விழாவின் கொடியேற்றத்துக்கு முன், புன்னைத்துறையார் சிப்பி சுட்டுச் சுண்ணாம்பு தருவார்கள். கோட்டடியார் சுவருக்குப் பூசுவார்கள். அந்த வெள்ளையை நேரே பார்த்து வந்தால்தான் தோணி பாறைக்குத் தப்பும். சூறாவளிக்கு அடுத்த வருடம் நம் தலைவருக்கு ஓர் ஆசை. கொடி பச்சை, சுவரும் பச்சையாக இருந்தால் என்ன? பூசிவிட்டார்! சிரிக்காதீர்கள், பக்கத்தில்தான் இருக்கிறார்.

பச்சைச் சுவர் கரையோரத் தாழையோடு கலந்துபோனது. மீனவர் கோணாமலையின் தோணியைக் காணவில்லை. அவர் மனைவி மீனாம்பிகை கரையில் நின்று கதறினாள். கோட்டடிப் பெண்கள் அடுப்பை மறந்து அவளோடு நின்றார்கள். பொழுதுபடும் நேரம், அயலூர்க் கரையில் ஒதுங்கிய கோணாமலை தோளில் துடுப்போடு நடந்து வந்தார்.

"ஹாஜியார், ஒங்கட கோட்டய எங்க ஒளிச்சி வெச்சிரிக்கிங்க?"

"பச்ச பூசினம் கோணாமல. வடிவா இல்லயா?"

"கரையில நிண்டு பாக்க வடிவுதான். கடலுக்குள்ள இருந்து பாத்தா ஊரயே காணல்ல!"

மீனாம்பிகை அழுதபடியே சிரித்தாள். விடிந்ததும் ஹாஜியார் சாரனை மடித்துக் கட்டி, தன் கையாலேயே வெள்ளை பூசினார். அன்றிலிருந்து அந்த மனிதர் மீது எனக்குத் தனிப் பிரியம்.

அன்பர்களே! கோட்டையைக் கட்டியவர்கள் நம்மை அடக்கக் கட்டினார்கள். நாமோ அதை நம்மவர் கரைசேரும் வழியாக்கினோம்! நிறம் மாறியதற்கே ஒரு தோணி தவறியதே, சுவரே போனால் எத்தனை தோணி தவறும்? எத்தனை மீனாம்பிகைகள் கரையில் நிற்பார்கள்? சந்தைக்குக் கல் எங்கும் கிடைக்கும். கடலில் நிற்பவனுக்கு ஊரைக் காட்ட வேறு சுவர் கிடைக்குமா?

நாளை இடிக்க அலவாங்கோடு வராதீர்கள், சுண்ணாம்பு வாளியோடு வாருங்கள்! தலைவர் அவர்களே, முதற்பூச்சு உங்களுடையது. வெள்ளைதான், பச்சை அல்ல!

ஓ, தலையசைக்கிறார்! தாய்மார்களே, நீங்கள் சாட்சி. காதும் மனமும் தந்த உங்களுக்கு நன்றி. கடலில் இருப்போர் எல்லோரும் கரைசேரட்டும். ஸலாம், வணக்கம்!