மூன்று நிமிட இணைப்பு

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் தொலைபேசி ஊழியர் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே, ஒரு கையால் இணைப்புக் கொடுத்து மறு கையால் என்னைத் தொட்டிலாட்டிய அத்தைமார்களே, தாய்மார்களே, ஓராண்டுக்கு முன் மறைந்த என் அம்மாவின் பெயரால் உங்களை வணங்குகிறேன்.

உலகப்போர் ஓய்ந்த ஆண்டில் பிறந்தவர் அம்மா. ஊருக்கு மின்விளக்கு வந்த ஆண்டில் எழுத்துப் படித்தார். இருபது வயதில் இணைப்பகத்தில் ஆபரேட்டராக அமர்ந்தார். மனிதன் நிலவில் நடந்த ஆண்டில் என்னைச் சுமந்தார். அந்த ஆண்டில்தான், எல்லைக்கு அப்பால் பாலம் கட்டப்போன அப்பா திரும்புமுன் சண்டை மூண்டது. எல்லை மூடியது. கம்பி அறுந்தது.

எண்ணிப் பாருங்கள். நிலவிலிருந்து வந்த குரலை நாடே கேட்டது. எழுபது மைல் தொலைவில் இருந்தவரின் குரல் என் அம்மாவுக்குக் கேட்டதா?

பத்தொன்பது ஆண்டுகள். ஆட்சிகள் கவிழ்ந்தன, நாணயத்தில் முகங்கள் மாறின. ஊரார் வீட்டுப் பிறப்பையும் இறப்பையும் இணைத்துக்கொண்டே இருந்தார் அம்மா. "பேசுங்க, லைன் கிடைச்சிருச்சு" என்பார். சொன்ன கணமே விலகிக்கொள்வார். அடுத்தவர் பேச்சுக்குக் காது கொடுப்பதை மானக்கேடாக நினைத்தவர்.

பிறகு சமாதானம் வந்தது. அப்பாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது, அவர் வேலை பார்த்த பட்டறையின் தொலைபேசி எண்ணோடு. கம்பி இணைந்த காலையில் ஆளுக்கு மூன்று நிமிடம் என்றார்கள். தோழியர் முதல் அழைப்பைத் தர வந்தார்கள், அம்மா ஒப்பவில்லை. நாற்பத்தோராவது ஆளாக வரிசையில் நின்றார். "நீ நிக்கிற நேரத்துல பாதி ஊருக்கு லைன் குடுத்திருப்பேடி" என்று இணைப்புப் பலகையில் இருந்தபடியே கடிந்துகொண்டார் அம்மாவின் தோழி குட்டை அத்தை. சிரிக்கிறீர்கள். இதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறார், கேட்டுப் பாருங்கள்.

முறை வந்தது. ரிசீவரில் நானும் காதை ஒட்டிக்கொண்டேன். எதிர்முனையில் "ஹலோ". பழகிய வாய் சொல்லிவிட்டது: "பேசுங்க, லைன் கிடைச்சிருச்சு."

"சரிங்க மேடம். என் வீட்டுக்காரி வந்துட்டாளா?"

"வந்துட்டே இருக்காங்க. லைன்லயே இருங்க."

பத்தொன்பது ஆண்டுகள் தேக்கிய சொற்களில் எதை முதலில் விடுவது? இரண்டு நிமிடங்கள் கரைந்தன. பிறகுதான் சொன்னார், "நான்தாங்க."

"தெரியும். லைன்லயே இருங்கன்னியே, அப்பவே தெரிஞ்சுது. நீயா வரட்டும்னுதான் இருந்தேன்."

நான் "அப்பா" என்றேன். அவர் அழுதார். அதற்குள் நேரம் முடிந்தது. குட்டை அத்தை இணைப்பை வெட்டவில்லை; கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். வெட்டச் சொன்னவர் அம்மா. வெளியே ஆட்கள் நிற்கிறார்கள் என்றார்.

பயண அனுமதி வருவதற்குள், அந்தக் குளிர்காலத்தில் அப்பா அங்கேயே கண்மூடிவிட்டார்.

கல்லூரிப் பெண்ணின் கோபத்தோடு கேட்டேன், இரண்டு நிமிடத்தை வீணாக்கிவிட்டீர்களே என்று. அம்மா சொன்னார்: "வீணா? அவர் மூச்சு விடுறதக் கேட்டுட்டிருந்தேன்டி. அது ஓடுதா நின்னுருச்சான்னு தெரியாமதானே இத்தனை வருஷம் இருந்தேன்."

அன்பர்களே, போர் தொடங்கிய தேதி புத்தகத்தில் இருக்கிறது. முடிந்த தேதி இருக்கிறது. எல்லைக்கோடு கிழித்த கைகளுக்குச் சிலை இருக்கிறது. அந்த மூச்சுக்கு எந்தப் பக்கத்தில் இடம்? எழுதாதவர்கள் எழுதாமலே இருக்கட்டும். இன்று இத்தனை பேர் கேட்டுவிட்டீர்கள். கேட்ட உங்கள் செவிகளுக்கு நன்றி, வணக்கம்.