கேள்வியக்கா போட்ட பதினோரு பூஜ்யங்கள்

இந்த நினைவஞ்சலி மேடையில் அமர்ந்திருக்கும் பெரிய டாக்டர் அவர்களே, மற்ற டாக்டர்களே, நர்சம்மாக்களே, டோக்கன் கொடுப்பவர்களே, தரை துடைக்கும் அக்காமார்களே, என் மகளைத் தாங்கிப் பிடித்தபடி முன்வரிசையில் இருக்கும் சொந்தக்காரர்களே! மருந்து ஏற்றிய கையில் பஞ்சும் பிளாஸ்திரியுமாக எழுந்து வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் நோயாளிகளே! உங்களுக்குத்தான் என் முதல் வணக்கம். என் பேத்தி இந்த மேடையில் ஏறியிருந்தால் அவளும் முதலில் உங்கள் பக்கம்தான் திரும்பியிருப்பாள்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் பெரிய படிப்புப் படித்தவர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதி மறந்துவிடும் என்று தாளில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வியக்கா! இந்த ஆஸ்பத்திரியில் ஏழு வருடம் என் பேத்திக்கு அதுதான் பெயர். அவள் ஊசி போட்டாளா? இல்லை. மருந்து எழுதினாளா? இல்லை. கையில் ஒரு அட்டை, அட்டையில் ஒரு தாள், தாளில் பதினோரு கேள்விகள். புற்றுநோய் வந்தவர்கள் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவாள். இரண்டு வாரமாக மனசு எப்படி இருக்கிறது, எதிலும் பிடிப்பு இல்லாமல் இருக்கிறதா, காரணம் இல்லாமல் பதற்றம் வருகிறதா, சாப்பாடு இறங்குகிறதா, தூக்கம் வருகிறதா என்று கேட்பாள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மார்க். கூட்டினால் பன்னிரண்டுக்கு மேல் வருகிறவர்களை மனநல டாக்டரிடம் அனுப்ப வேண்டும். இதுதான் அவள் வேலை.

"இதுக்காடி ரெண்டு டிகிரி படிச்ச?" என்று நானே அவளைக் கிண்டல் செய்திருக்கிறேன்.

"கேள்வி கேக்கத்தான் பாட்டி ரெண்டு டிகிரி. பதில் வர்ற வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருக்க இன்னும் ரெண்டு படிக்கணும்" என்றாள்.

யார், எவர் என்று வீட்டில் ஒரு நாளும் சொல்ல மாட்டாள். ஒரு லாரி டிரைவர் என்பாள், ஒரு டெய்லரம்மா என்பாள். அவ்வளவுதான். அந்த லாரி டிரைவருக்குத் தொண்டையில் கட்டி, குரல் போய்விட்டது. அவருக்குப் பதிலாக மகனே எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியிருக்கிறார். "எங்கப்பாவுக்கு மனக்கஷ்டமா? மலைப்பாதையில பிரேக் இல்லாத வண்டிய தனியா இறக்குன ஆளுங்க அவரு! எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டுக்குங்க."

இவள் என்ன செய்தாள் தெரியுமா? "சரிங்க. இந்தத் தாள் கசங்கிப்போச்சு, ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்துடுறீங்களா?" என்று மகனை அனுப்பிவிட்டாள். ஜெராக்ஸ் கடை ரோட்டுக்கு அந்தப் பக்கம், எப்போதும் கூட்டம். பிறகு டிரைவர் கையில் பேனாவைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். கால் மணி நேரம் அவர் ஒன்றும் எழுதவில்லையாம். அப்புறம் எழுதினாராம்: "அவன் வந்தால் இன்னும் இரண்டு ஜெராக்ஸ் எடுக்க அனுப்பு."

சிரிக்கிறீர்கள். அவளும் சிரித்துக்கொண்டுதான் எனக்குச் சொன்னாள். அந்த இரண்டு ஜெராக்ஸ் வருவதற்குள் டிரைவர் பக்கம் பக்கமாக எழுதினார். இருபத்தாறு மார்க். மனநல டாக்டர் இங்கே வியாழக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் வருவார். டிரைவருக்குக் கிடைத்த தேதி ஏழு வாரம் தள்ளி. ஏழாவது வாரம் டிரைவர் இல்லை.

அன்றைக்குத்தான் முதல் தடவையாக, "கண்டுபிடிச்சு என்ன பாட்டி பண்றது?" என்று கேட்டாள். "சாப்பிடுடி" என்றேன்.

ஆனால் அவள் கேட்பதை விட்டாளா? விடவில்லை! அனுப்ப இடம் இல்லாதவர்களோடு தானே உட்கார்ந்தாள். வியாழக்கிழமைக்குக் காத்திருந்தவர்களையெல்லாம் வாரம் முழுக்கத் தாங்கியது யார்? கேள்வியக்கா!

அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. மார்க் கூடுதலாக வந்த தாளை முதலில் எடுக்க மாட்டாள். எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போட்ட தாளைத்தான் முதலில் எடுப்பாள். "மருந்து ஏத்துற ஹால்ல யாருக்கும் பதினோரு பூஜ்யம் வராது பாட்டி. சோறு இறங்கல, தூக்கம் இல்லன்னு மருந்தே நாலு மார்க் போட்டுடும். மொத்தமும் பூஜ்யம்னா கதவைச் சாத்திக்கிட்டாங்கன்னு அர்த்தம்" என்பாள். அப்படிப் பூஜ்யம் போட்டவர்தான் அந்த டெய்லரம்மா. மார்பில் ஆபரேஷன் முடிந்தவர். இவள் போய் உட்கார்ந்து ஒன்றுதான் கேட்டாளாம்: "ஊருக்கெல்லாம் தைக்கிறீங்களே, உங்களுக்குன்னு கடைசியா எப்ப தைச்சீங்க?"

"எனக்கு நானே அளவெடுக்கப் பயமா இருக்கும்மா" என்று அவர் அழுத அழுகையில் பக்கத்து நாற்காலிக்காரர்களும் அழுதார்களாம்.

சபையோரே, இப்போது என் தப்பைச் சொல்ல வேண்டும்.

போன வருடம் அவளுக்கே கழுத்தில் கட்டி வந்தது. முப்பத்திரண்டு வயது. "ஆறு தடவை மருந்து ஏத்துவோம்மா, நல்லா தேற வாய்ப்பு இருக்கு" என்று பெரிய டாக்டர் அவர்களே என் கையைப் பிடித்துச் சொன்னீர்கள். அதே ஹால், அதே நாற்காலி. கூட வேலை பார்த்த நர்சுப் பெண் அதே தாளைக் கொண்டுவந்து நீட்டியிருக்கிறாள். இவள் கேள்விகளைப் படிக்கவே இல்லை. மனப்பாடம்தானே! கையெழுத்துப் போடுவது போல மளமளவென்று எழுதிக் கொடுத்தாள். பதினோரு பூஜ்யம்.

அந்தப் பெண் என்ன நினைத்தாள்? "அக்காதானே, அக்காவுக்குத் தெரியாததா?" என்று ஃபைலில் வைத்துவிட்டாள். டாக்டர்கள் ஓரத்தில் ஒரு டிக் போட்டார்கள். நான் என்ன செய்தேன்? ஃபைல் வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தேன். நான் படித்த காலத்தில் பூஜ்யம் வாங்கினால் பெஞ்சு மேல் ஏற்றுவார்கள். இந்தப் பூஜ்யத்தைப் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை! மாடிவீட்டு டீச்சரிடம் சொன்னேன். மளிகைக் கடையில் சொன்னேன். "என் பேத்தி பதினோரு பூஜ்யம் வாங்கியிருக்கா, மனசு இரும்பு!" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். பூஜ்யத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்கே சோறு போட்டுக்கொண்டு சொன்னவள் அவள். எனக்கு ஞாபகம் வந்ததா? வரவில்லை. இந்த மேடையில் இருக்கும் யாருக்காவது வந்ததா?

"ஏண்டி முகம் இப்படி வாடிக்கிடக்கு?" என்றால், "மருந்து பாட்டி" என்பாள். பேச்சு குறைந்தது, மருந்து என்றோம். ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தாள், மருந்து என்றோம். பாவம், அந்த மருந்து! அவள் இரண்டு தடவைக்கு மேல் அதை ஏற்றிக்கொள்ளவே இல்லை.

மருந்து ஏற்றும் செவ்வாய்க்கிழமை தவறாமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவாள். "நானும் வரேன்" என்றால் மகளும் நானும் திட்டு வாங்குவோம். "நான் வேலை பாக்கிற இடம், எனக்குத் துணை எதுக்கு?" ஆஸ்பத்திரிக்கு எதிரே பஸ் நிறுத்தம் இருக்கிறதே, அங்கே மத்தியானம் வரை உட்கார்ந்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தால் "அடுத்த வாரம் வரேன்" என்று அவளே எடுத்துச் சொல்லியிருக்கிறாள். எங்களுக்குத் தெரிந்தபோது நோய் நுரையீரலுக்குப் போயிருந்தது.

கடைசி வாரத்தில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். "எல்லாத்துக்கும் ஏண்டி பூஜ்யம் போட்ட? உண்மையைச் சொல்லியிருக்கலாமில்ல?"

மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள். "பன்னெண்டுக்கு மேல வந்தா யாருகிட்ட பாட்டி அனுப்புவாங்க? என்கிட்டதான்."

இந்த ஒரு வரியைச் சொல்லத்தான் நான் இன்று மேடை ஏறினேன்.

இங்கே அவள் வேலை பார்த்த அறையில் அவள் படத்தை மாட்டப் போவதாகப் பெரிய டாக்டர் அவர்கள் சற்றுமுன் அறிவித்தீர்கள். கை தட்டினார்கள். ஐயா, அந்த அறையைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். குளுக்கோஸ் அட்டைப்பெட்டிகளைக் கூரை வரை அடுக்கியிருக்கிறார்கள். படம் மாட்டச் சுவர் இல்லை. அவள் இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை. தாளை டோக்கனோடு கொடுக்கிறார்கள், நோயாளிகள் நிரப்பி ஒரு பெட்டியில் போடுகிறார்கள். பெட்டி நிறைந்திருக்கிறது. "பூஜ்யத் தாளையாவது நான் பொறுக்கித் தரட்டுமா?" என்று கவுண்டரில் கேட்டேன். "நோயாளி ரகசியம்மா, வெளியாள் தொடக்கூடாது" என்றார்கள். நியாயம்தான். என் பேத்தியும் அதையேதான் சொல்லியிருப்பாள்.

அவள் பணியைத் தொடர்வோம் என்று முன்னால் பேசியவர்கள் எல்லோரும் உறுதி சொன்னார்கள். என்னால் அப்படி அடித்துச் சொல்ல முடியவில்லை. எனக்கு எழுபத்தாறு வயது. என்னால் முடிந்தது, உட்காருவது. மூன்று செவ்வாயாக அந்தப் பஸ் நிறுத்தத்தில் போய் உட்காருகிறேன். உட்கார்ந்தால்தான் கண்ணுக்குத் தெரிகிறது. அவளைப் போலவே சிலர் கையில் ஆஸ்பத்திரி ஃபைலோடு வந்து நிற்பார்கள். எந்தப் பஸ்ஸிலும் ஏற மாட்டார்கள். ரோட்டையும் தாண்ட மாட்டார்கள். போன வாரம் ஒருத்தர்.

"உள்ள போகலையாப்பா?"

"பஸ்ஸுக்கு நிக்கிறேம்மா."

நான்கு பஸ் போனது. "வாப்பா, பாட்டி கூட வரேன்" என்று எழுந்தேன். ஐந்தாவது பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். நம்பரைக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த செவ்வாயும் போவேன். உடம்பு தூக்கும்வரை போவேன். இதுதான் என் உறுதிமொழி, இதற்கு மேல் என்னிடம் இல்லை. இதனால் யாராவது பிழைப்பார்கள் என்று நான் நம்பவில்லை. ஆனால், பெரிய டாக்டர் அவர்களே, என்றைக்காவது ஒருத்தர், "ஆமாம்மா, மனசு விட்டுப்போச்சு" என்று வாய் திறந்து சொல்லி, என் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்துவிட்டால், அவரை யாரிடம் கொண்டுபோய் உட்காரவைக்கட்டும்?

அதை மட்டும் யாராவது சொல்லுங்கள், நான் இறங்கிப் போகிறேன்.