ஆமையின் இடது கண்

"எங்க ஊர்க் கடற்கரையில நிக்கிற ஆமைக்கு இடது கண்ணு ஒரு குடம்."

தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் போகும் பஸ்ஸில், காலியான மீன்கூடையை மடியில் வைத்திருந்த பெண் சொன்னாள். பக்கத்தில், நடவுச் சேறு காலில் காயாத ஒருத்தி. வெளியே வயலெல்லாம் தண்ணீர் நின்றது. பஸ் மிதந்து போவதுபோல் இருந்தது.

"குடமா?"

"ஆமாங்க. கரையில ஒதுங்குன பிளாஸ்டிக்கையெல்லாம் சேர்த்து வீடு உசரத்துக்கு ஆமை கட்டியிருக்காங்க. அந்தக் குடம் எங்க வீட்டுக்காரர் வலையில வந்தது. அன்னைக்கு மீனும் இல்ல, வலையும் கிழிஞ்சு போச்சு. இப்ப என்னடான்னா, கடலைப் பார்க்காம மேற்கையே பார்த்துக்கிட்டு நிக்குது."

"என்ன கலருங்க?"

"பச்சை. கழுத்துல வெள்ளை பெயிண்ட்ல மூணு புள்ளி."

நடவுக்காரி வயலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"குழாயடியில மாறிடக் கூடாதுன்னு நான்தான் அந்தப் புள்ளி வச்சேன். அடி ஓட்டையானதும் வாய்க்கால்ல விட்டுட்டேன்."

மீன்காரி அவளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மெல்லச் சிரித்தாள்.

"ஒருநாள் வாங்க, காட்டுறேன்."

"வேணாம்க்கா. அது என்னை அடையாளம் கண்டுக்கும்."