பூஜை நேரத்தில் பம்பை நிறுத்தியது பற்றி

சந்தனத்தைக் கெட்டியாகக் குழைக்க வேண்டும். நீர்த்துப்போனால் தகரத்தில் நிற்காமல் வழிந்துவிடும். ஹைதராபாத் நாச்சாரத்துத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருஷம் ஆயுத பூஜைக்கு நான்தான் குழைத்தேன்.

அங்கே ஒரு வழக்கம். மெயின் ஸ்விட்சை அணைத்து, இயந்திரங்களைத் துடைத்துப் பொட்டு வைத்தபின் அரை மணி நேரம் யாரும் தொடமாட்டார்கள். லேத்துக்கும் அன்று ஓய்வு. விசாரணை அதிகாரியான தாங்கள், நான் கோபத்திலோ கவனக்குறைவிலோ செய்ததாக எழுதிவிடக் கூடாது என்றுதான் இதை முதலில் சொல்கிறேன்.

பிறகு இந்த ஆஸ்பத்திரியில் இதய பம்பைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்தேன். தொடை வழியாக உள்ளே போகும் குழாயின் முனையில் ஒரு பலூன். அதை ஊதி ஊதி அடக்கி, பலவீனமான இதயத்துக்குத் துணை செய்யும் பெட்டி. மொத்தக் கட்டடத்துக்கும் ஒன்றுதான். போன வருஷம், 1987இல், ஆயுத பூஜையன்று கனகம் என்ற டீச்சருக்கு அது ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தக் கூடாது என்றார் டாக்டர். பூஜை போடவில்லை. அதற்கு எட்டாம் நாள் மோட்டார் தானாக நின்றது. அந்த அம்மாள் என் கண்ணெதிரே போய்ச் சேர்ந்தாள். அன்றிலிருந்து பெட்டியின் சத்தம் சற்று மாறினாலும் ஓடிப்போய்ப் பார்ப்பேன். வீட்டில் மிக்ஸி நின்றால்கூட எழுந்துவிடுவேன்.

இந்த வருஷம் ஜம்புநாதன். தார்நாகா ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. லண்டனில் மாற்று இதயம் வைக்க ஏற்பாடாகியிருந்தது. விமானம் ஏறும் அளவுக்குத் தேறும்வரை பம்ப்தான் துணை. பன்னிரண்டு நாளாக அது ஒரு நிமிஷம்கூட ஓயவில்லை. நான் பயந்தது அவருக்காகத்தான்.

பூஜையன்று காலை எல்லோரும் கீழே ஹாலில் இருந்தார்கள். மிச்சமிருந்த ஒரு நர்ஸையும் நான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பினேன். ஜம்புநாதன் மனைவி அலமுவிடம், "மாமி, நீங்களும் போய் தீபாராதனை பார்த்துட்டு வாங்கோ" என்றேன். பெட்டியைத் துடைத்துப் பொட்டு வைத்தேன்.

"அரே சக்ரபாணி ஸார், மிஷினுக்குப் பொட்டு, பூ எல்லாம் உண்டு. பன்னெண்டு நாளாப் படுத்துக் கிடக்கறவனுக்கு ஒண்ணும் கிடையாதா?" என்று ஜம்புநாதன் சிரித்தார். சிகந்தராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவர்; பேச்சில் அந்த ஊர் உருது கலந்து வரும்.

எச்சரிக்கை மணியைத் துண்டித்தேன். துடிப்பு காட்டும் திரையை அணைத்தேன். பிறகு பம்பை நிறுத்தினேன்.

சத்தம் நின்றதும் அவர் சிரிப்பும் நின்றது. "கைக்கு? ஏன் நிறுத்தினீங்க?"

"பூஜை ஸார். அரை மணி நேரம்தான்."

"நக்கோ ஸார், நக்கோ, வேண்டாம். போட்டுடுங்கோ. மூச்சு முட்டறது."

"நடுவுல போட்டா பலிக்காது ஸார். உங்களுக்காகத்தான் பண்றேன்."

ஆறாவது நிமிஷம் என் மணிக்கட்டைப் பிடித்தார். படுத்த படுக்கையாக இருந்தவருக்கு அது நல்ல பிடி. ஸ்விட்ச் என் மறு கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. பதினான்காவது நிமிஷம் பிடி தளர்ந்தது. அவர் இறந்துவிட்டார் என்பது எனக்கு அப்போதே தெரியும். மீதிப் பதினாறு நிமிஷமும் அசையாமல் காத்திருந்தேன்.

பிறகு, இதயத் துடிப்பை எதிர்பாராமல் தானே ஓடும்படி பெட்டியை மறுபடி ஓடவிட்டேன். பிசிறில்லாமல் ஓடியது. அலமு மாமி வந்து அவர் நெற்றியில் விபூதி இட்டாள்.

"நன்னாத் தூங்கறாரா? ஏன் இப்படி ஜில்லுனு இருக்கார்?"

"ஃபேன் காத்து மாமி."

அவள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் முகத்தில் பயமே இல்லை. எனக்கும் இல்லை. பம்ப் எப்போது நிற்குமோ என்ற பயத்திலிருந்து ஒரே அரை மணி நேரத்தில் இரண்டு பேரைக் காப்பாற்றியிருக்கிறேன்.