திரும்பிப் பார்க்கும் முரசுக்காரன்

மேடையில் அமர்ந்திருக்கும் மேசைப்போர்க் கழகத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் தளபதியின் மனைவி, என் அத்தை அவர்களே, இந்த மாடி அறையை நமக்கு விட்டுவிட்டுக் கீழே டயர் கடை நடத்தும் என் அப்பா அவர்களே, பகடையும் பிரஷ்ஷும் பிடித்த கழக உறுப்பினர்களே, எங்கள் தளபதி செய்துகொடுத்த பல்செட்டோடு வந்திருக்கும் பெரியோர்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

மேடை என்று சொன்னேன். அது நம் ஆட்டமேசைதான். அதனால் தலைவர் அவர்கள் முழங்கையை ஆற்றிலிருந்து எடுக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அந்த ஆற்றுக்குத் தளபதி ஒன்பது முறை வார்னிஷ் ஊற்றினார். ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் காயவிட்டார்.

இரங்கல் உரை எழுதுவது எப்படி என்று நூலகத்தில் மூன்று புத்தகங்களைப் பார்த்தேன். மூன்றிலும் 'ஈடு செய்ய முடியாத இழப்பு' என்றுதான் இருந்தது. உண்மைதான். ஆனால் தளபதியைப் பற்றிப் பேசும்போது முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு எப்படிப் பேசுவது? என்னால் முடியவில்லை. மன்னித்துவிடுங்கள்.

கழகத்துக்குப் புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. நாங்கள் கட்டைவிரல் உயரத்துக்கு வீரர்களை ஒட்டி, வண்ணம் பூசி, மேசைமேல் மலையும் ஆறும் ஊரும் அமைத்து, அளவு நாடாவால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டிப் போர் செய்கிறவர்கள். அந்த மலையை, ஆற்றை, ஊரைப் படைத்தவர் யார்? நம் தளபதி! பல்செட் செய்வது அவர் தொழில், தளபதி என்பது நாம் கொடுத்த பட்டம். மரங்களுக்கு இலை எது? எங்கள் வீட்டில் வடிகட்டி வீசிய தேயிலைத்தூள். குதிரையின் நாக்குக்கு நிறம் எது? பல்செட்டின் ஈறுக்குப் பூசும் அதே ரோஜா நிறம்! மலைகள் எதனால் ஆனவை? பல் அச்சு எடுக்கும் மாவால் ஆனவை. வேலை முடிந்த பழைய அச்சுகளையும் அவர் வீணாக்கவில்லை. நம் வடக்கு மலையை யாராவது உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? தலைவர் ஒருநாள் பார்த்தார்.

"யோவ் தளபதி, இது என் கீழ்த்தாடைதானே? என் கடவாப்பல் மேலயா பீரங்கிய நிறுத்தி வெச்சிருக்கே?"

"ஆமா. வாயில இருந்தப்போ ஆடிக்கிட்டே இருந்துச்சு. இங்க எவ்ளோ கெட்டியா நிக்குது பாரு."

இப்படிப்பட்ட தளபதி எத்தனை போரில் வென்றார்? கழகத்தின் போர்க்குறிப்புகளை எழுதும் செயலாளர் என்ற முறையில் அதிகாரபூர்வமாகச் சொல்கிறேன்: ஒன்றில்கூட இல்லை! என்னிடம் மட்டும் பதினொரு முறை தோற்றார். காரணம் ஒன்றுதான். அழகாக வண்ணம் பூசிய குதிரைப்படையை எல்லோரும் பார்க்க வேண்டும் என்று முதல் நகர்விலேயே நடுத்திடலுக்குக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்.

"மாமா, நேரா என் பீரங்கி முன்னாடி வந்து நிக்கறீங்க. சுட்டுடுவேன்."

"தாராளமா சுடு. ஆனா முதல்ல நல்லா பாரு. ஒவ்வொரு குதிரை கண்ணுலயும் ஒரு வெள்ளைப் புள்ளி வெச்சிருக்கேன்."

நான் பார்த்தேன். அப்புறம் சுட்டேன். அவர் கைதட்டினார். தன் படை அழிந்ததற்குக் கைதட்டிய தளபதி வேறு எங்கே இருக்கிறார்?

அவையோரே, இனி நான் சொல்லப்போவதைக் கேட்டுத் தலைவர் என்மேல் கோபப்படலாம். சற்று முன் அவர் நம் கழகத்தின் சின்னத்தைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். திரும்பிப் பார்க்கும் முரசுக்காரன்! அது நம் முத்திரையில் இருக்கிறது, சட்டையில் இருக்கிறது, இன்றைய அழைப்பிதழிலும் இருக்கிறது. முன்னே நடந்தாலும் பின்னே வருகிறவர்களை மறக்காதவன் என்று தலைவர் விளக்கினார். தளபதியின் ஆழ்ந்த சிந்தனை என்றார். எல்லோரும் கைதட்டினீர்கள். நான் தட்டவில்லை. ஏன்? அந்தத் தலையைத் திருப்பி ஒட்டியது தளபதி அல்ல. நான்!

நான் ஏழாம் வகுப்பில் இருந்தேன், அப்போதே செயலாளர். ஆட்டத்துக்கு முன்பே வந்து, எந்தப் படை எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொண்டிருந்தேன். என் குறிப்பேட்டின் முனை பட்டுத் தளபதியின் முரசுக்காரன் கீழே விழுந்தான். தலை தனியாக உருண்டது. இரும்புப் படியில் தளபதியின் செருப்புச் சத்தம் கேட்டது. மேசையோரம் இருந்த பசையைத் தொட்டுத் தலையை வைத்து அழுத்தினேன். அந்தப் பசை பத்து எண்ணுவதற்குள் பிடித்துக்கொள்ளும். பதினொன்று எண்ணும்போதுதான் பார்த்தேன், முரசு இந்தப் பக்கம் இருக்கிறது, மூக்கு அந்தப் பக்கம் இருக்கிறது!

தளபதி வந்தார். மேசையைப் பார்த்தார். "இன்னைக்கு யாரு முதல்ல?" என்று மட்டும் கேட்டார். அவர் கவனிக்கவில்லை, தப்பித்தேன் என்று நினைத்தேன். குதிரைக் கண்ணில் புள்ளி வைக்கிறவர் கவனிக்காமல் இருப்பாரா என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

அடுத்த வாரம் இன்னொரு படையில் ஒருவன் திரும்பிப் பார்த்தான். அதற்கடுத்த வாரம் வேறொரு படையில் ஒருவன். தலைவர்தான் முதலில் கண்டுபிடித்தார்.

"என்னய்யா இது, படைக்கு ஒருத்தன் கழுத்தைத் திருப்பிக்கிட்டு நிக்கறான்?"

"பின்னாடி யாராவது விட்டுப்போச்சான்னு பாக்கறான்."

முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவரிடம் இப்படிச் சொன்னால் என்ன ஆகும்? "அடடா! இதைத்தானே நானும் வாழ்நாள் பூரா செஞ்சேன்!" என்று தலைவர் எழுந்தே நின்றுவிட்டார். மறுமாதம் முத்திரை செய்தாயிற்று. என் தவறு வட்டமாக, நீல மையில், கழகத்தின் எல்லாக் கடிதங்களிலும் ஏறியது. இருமுறை உண்மையைச் சொல்ல வாய் திறந்தேன். இருமுறையும் சட்டை என்ன அளவு என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள்.

நம் கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. வண்ணம் பூசியவர், வீரன் நிற்கும் தட்டின் அடியில் தேதியையும் செய்தவரையும் எழுதி வைப்பார். இன்னொரு வழக்கமும் உண்டு. அடுத்தவரின் வீரனை அனுமதி இல்லாமல் புரட்டிப் பார்க்கக் கூடாது. மூன்று வருடமாக நான் அந்த முரசுக்காரனைப் புரட்டவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, தளபதியின் பெட்டிகளைக் கணக்கெடுக்க அத்தை என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். முரசுக்காரன் பஞ்சுக்குள் படுத்திருந்தான்.

"அத்தை, இவனைப் புரட்டிப் பாக்கலாமா?"

"கேக்கறியே, அதுவே பெருசு. உங்க மாமா என்னைக் கேக்காம என் பவுடர் பிரஷ்ஷையே எடுத்துட்டுப் போய் மலைக்குப் பூசினவரு. பாரு."

புரட்டினேன். மூன்று முடி பிரஷ்ஷால் எழுதிய எழுத்து. பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். நான் ஒட்டிய அதே தேதி. அதன் கீழே: 'தலை ஒட்டியவர்: செயலாளர். நான் பார்க்கவில்லை.'

பார்க்கவில்லையாம்! பார்க்கவில்லை என்று தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறார்!

பிறகு மற்றப் படைகளில் திரும்பிப் பார்க்கும் வீரர்களை ஒவ்வொருவராகப் புரட்டினேன். பதினொரு பேர். நன்றாக ஒட்டியிருந்த பதினொரு தலைகளை அறுத்து, திருப்பி, மறுபடி ஒட்டி, கழுத்துக்கு மறுபடி வண்ணம் பூசியிருக்கிறார். பதினொரு தட்டின் அடியிலும் ஒரே சொல்தான் இருந்தது: 'துணைக்கு.'

அத்தை அழுதார்கள். நானும் அழுதேன். அப்புறம் அத்தை, "இந்த மனுஷன் ஒரு ஆட்டமாவது ஜெயிச்சிருக்கலாம்டி" என்றார்கள். இரண்டு பேருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

தலைவர் அவர்களே, உங்கள் முகம் எனக்குத் தெரிகிறது. நீங்கள் இருபது நிமிடம் பேசியதில் பொய் ஒன்றும் இல்லை. பின்னே விட்டுப்போகவிருந்த ஒருத்தியை அவர் உண்மையாகவே திரும்பிப் பார்த்தார். அதனால் முத்திரையை மாற்ற வேண்டாம். என் சட்டையையும் நான் திருப்பித் தரமாட்டேன்.

தளபதியின் மேசையில் ஒரு படை அரைகுறையாக நிற்கிறது. இருபத்துநான்கு பேர். சாம்பல் நிற அடிப்பூச்சு மட்டும் பூசியிருக்கிறது, தலைகள் தனிக் கிண்ணத்தில் இருக்கின்றன. வண்ணம் பூசாத வீரன் போருக்கு வரக் கூடாது என்பது அவர் சொன்ன சட்டம். அவையோரே, அவரைச் சாட்சியாக வைத்துச் சொல்கிறேன். அந்தப் படையை நாம் எல்லோரும் சேர்ந்து முடிப்போம்! குதிரைகளை நடுத்திடலில் நிறுத்தி, பெருமையாகத் தோற்போம்! இந்த ஆற்றுக்குப் பத்தாவது முறையும் வார்னிஷ் ஊற்றுவோம்!

இருபத்துமூன்று தலைகளை நேராக ஒட்டுவோம். இருபத்துநான்காவதை என்னிடம் விட்டுவிடுங்கள். இந்த முறை அவசரப்படாமல், தெரிந்தே திருப்பி ஒட்டுவேன். அடியில் இன்றைய தேதியையும் ஒரே ஒரு சொல்லையும் எழுதுவேன். அதை யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். இப்போதே அனுமதி தந்துவிட்டேன்.