விதைக்கும் ஜாடை உண்டு

ஆமா கண்ணு, கரீட்டா சொல்லிட்ட. ராயபுரம் பாதிரியார் தோட்டத்துலேர்ந்து எங்க வூட்டுக்காரரு ஒடிச்சாந்து நட்ட குச்சிதான் இந்தத் திராட்சக் கொடி. நான் சொல்லாமலே ரெண்டும் ஒரே வம்சம்னு வெதைய வெச்சே கண்டுபுடிச்சிட்டியே. இன்னா சொன்ன, மூக்கு குட்ட, வவுறு உருண்ட, முதுவுல வட்டமா ஒரு பள்ளம். மன்சனுக்கு ஜாடை கீற மாதிரி.

எதுத்தாப்புல மீன் காய வெச்சிகினு கீறாளே, எங்க நாத்தனாரு வேம்பு, நேத்து சிரிக்கிறா. படிச்ச பொண்ணு வூடு வூடா பூந்து ஆராய்ச்சின்னு நம்ம துப்பின வெதைய பொறுக்கிகினு போவுது, நல்ல சம்மந்தம் பாக்குதுன்னு. மனசுல வெச்சிக்காத.

நில்லு, இன்னொரு பொட்டலம் கீது. இந்த வெதையையும் உன் பூதக்கண்ணாடில பாரு. ஏதுன்னு கேக்காத.

மெதுவா பாரு. அவருக்கு இந்தப் பழம்னா உசுரு. போன வருசம் கடலோட பூட்டாரு. கடலுக்குப் போவ சொல்ல தாகத்துக்கு ஒரு கொத்து கட்டிக் குடுப்பேன். வலை போட்டுட்டா கடல்ல துப்ப மாட்டாரு அந்த மன்சன். சோறு போடுறவ மூஞ்சில துப்புவியான்னு கேப்பாரு. வெதையெல்லாம் மடியில சொருவிகினு வருவாரு. வேட்டி தோய்க்க சொல்ல உதுத்து உதுத்து எனக்குப் பேஜாரா பூடும்.

இன்னா, பாத்துட்டியா? ஏன் மறுபடி பாக்கற?

நீட்டு மூக்கா. ஒடம்பும் ஒல்லி. சரி. உப்புத்தண்ணில ஊறினா அப்படி ஆவுமா? ஆவாதா. நம்ம கொடிக்கும் இதுக்கும் ஒறவே இல்லன்ற. கப்பல்ல பஞ்சு வெச்ச பொட்டில வருதே, அந்தப் பழமா இருக்குமா? அத அவரு வாங்கினதே இல்ல.

ஒண்ணுமில்ல கண்ணு. பொயலுக்கு அப்பால கட்டுமரம் மட்டும் வந்திச்சு. கொஞ்ச நாள்ல எண்ணூர்ல ஒரு பொணம் ஒதுங்கிச்சு. மூஞ்சியெல்லாம் மீனு தின்னுடிச்சு. எனக்கு நெட்டையா தெரிஞ்சிது. ஊறினா அப்படித்தான்னாங்க. என் கொழுந்தன் எத்திராஜு மடிய அவுத்தான். உள்ள இந்த வெதைங்க. அண்ணன்தான்னு தரையில வுயுந்து அழுதான். வேற எவன் மடியில இது இருக்கும்னு குப்பமே சொல்லிச்சு. பொதச்சிட்டோம். எனக்குத் தாலி கயட்டிட்டாங்க.

நாங்க பொதச்ச அந்த ஆளு பழமா மடிச்சி வெச்சிருந்திருப்பான். அழுவிப் போயி வெத மட்டும் நின்னுகிச்சி.

உக்காரு, எங்க எழுந்துக்கற. வேம்பு கிட்ட சொல்லாத. நாளைக்கு மொத தெவசம், எல்லாம் வாங்கியாச்சு. அவருக்கு நண்டு கொழம்பு புடிக்கும். இந்த ஆளுக்கு இன்னா புடிக்குமோ.