ஆண்டவரின் வெளுப்பு

ஜன்னலைத் திறந்துவைத்து வேலை செய்யும் ஓவியனை நான் நம்பமாட்டேன், நீதிபதி ஐயா. எண்ணெய்ச் சாயம் காய்வதற்குள் தெருப்புழுதியெல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளும். நேப்பிள்ஸ் புழுதியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சிலுவையிலிருந்து இறக்கிய இயேசுவை மடத்துக்கு வரைந்துகொண்டிருந்தேன். மடத்துத் தலைவர் கௌதியோசோ வந்து பார்த்தார். "என்னப்பா, ஆண்டவர் செத்த மாதிரியே இல்லையே. நல்லா சாப்பிட்டுட்டுப் படுத்த மாதிரில்ல இருக்காரு" என்றார். புனித வெள்ளிக்குள் சரிசெய்யாவிட்டால் பலிபீடத்துப் பட வேலையை வேறொருவனுக்குக் கொடுத்துவிடுவாராம். ஊரறிந்த கை என்னுடையது. அவமானமாக இருந்தது.

சதை நிறத்துக்கு அடியில் பச்சை நிற மண்சாயம் பூசி, அது காய்ந்ததும் அக்ரூட் எண்ணெயில் குழைத்த ஈய வெள்ளைச் சாயத்தை ஏற்றுவோம். ஈரம் போவதற்குள் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். பார்த்து வரைவதற்காகப் பிணம் போலப் படுத்திருப்பவன் அசையக் கூடாது. துறைமுகச் சுமைகாரன் சபத்தீனோ அசைந்துகொண்டே இருந்தான்.

"மூக்கு அரிக்குது மாஸ்டர்."

"பொணத்துக்கு மூக்கு அரிக்காதுடா."

அதற்கும் வயிறு குலுங்கச் சிரித்தான்.

குளிருக்காகப் பக்கத்தில் கரிச்சட்டி மூட்டியிருந்தேன். "தல சுத்துது, ஜன்னலத் தொறங்களேன்" என்றான். இன்னும் ஒரு கூடை கரியைக் கொட்டிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன். முதலில் நீங்கள் விபத்து என்று எழுதினீர்கள். உங்கள் நல்ல மனசு. மூடிய அறையில் கரிப்புகை ஆளைக் கொல்லும் என்று இங்கே சமையற்காரிக்கும் தெரியும்.

அதில் செத்தவன் வெளுக்கமாட்டான் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. கன்னம் சிவந்து, கல்யாண மாப்பிள்ளை போலக் கிடந்தான். ஒரு உயிர் வீணாகிவிட்டதே என்று அழுதேன்.

அவனைப் பின்னறைக்கு இழுத்துப் போட்டிருந்தேன்; அன்று மாலையே அவன் தம்பி வீத்தோ தேடி வந்தான். "அண்ணன் இங்கதான் இருக்குன்னாங்க."

"கடைக்குப் போயிருக்கான். வர்றவரைக்கும் அவன் எடத்துல நீ கொஞ்சம் படு தம்பி."

அதே விலா, அதே நீளக் கால். அபினி கலந்த திராட்சை ரசம் கொடுத்தேன். வலிக்கக் கூடாதல்லவா, நான் இரக்கமில்லாதவன் அல்ல. நாவிதர்கள் வைத்தியத்துக்காக நோயாளியின் ரத்தம் வடிக்கும் கத்தி என்னிடமும் ஒன்று உண்டு. பாத்திரம் நிறைய நிறைய அந்த வெளுப்பு வந்தது.

இப்போது, அண்ணனைக் கொன்றுவிட்டு ஓடிவிட்டான் என்று வீத்தோவைத் தேடுகிறீர்களாம். அவன் எங்கும் ஓடவில்லை ஐயா. நேற்றுப் பூசையில் பலிபீடத்துப் படத்தின் முன் நீங்கள் மண்டியிட்டு அழுதீர்களே, அவன் காலடியில்தான்.